உறை போட்ட கண் அறுவைக் கத்தி: பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தியேட்டர் விளக்கு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பத்தொன்பது ஆண்டுகளாகக் கண் அறுவை அரங்கில் ஸ்க்ரப் சிஸ்டராக, அதாவது மருத்துவருக்குக் கருவிகளை எடுத்துத் தரும் செவிலியராக இருக்கிறேன். சென்ற வாரம், அன்றைய பட்டியலில் ஏழாவது கண்புரை அறுவை. டாக்டர் கண்ணில் வெட்டுப்போடும் கத்தியான கெரடோமைத் திருப்பித் தந்தார். அவர் பார்வை மைக்ராஸ்கோப்பை விட்டு அகலவில்லை, அகலவும் கூடாது. என் பார்வையோ அடுத்துத் தர வேண்டிய, லென்ஸ் உறையைக் கிழித்துத் திறக்கும் ரெக்சிஸ் சாவணத்தில் இருந்தது. 2.8 மி.மீ. அகலமுள்ள அந்த முனை என் இடது ஆள்காட்டி விரலில் கையுறையையும் தோலையும் ஒரே கோட்டில் திறந்துவிட்டது. வலிக்கவே இல்லை. கையுறைக்குள் சிவப்பு பரவியதைப் பார்த்த பிறகுதான் வெட்டுப்பட்டதே தெரிந்தது. அவ்வளவு கூர்மை.

சோப்பு, ஓடும் தண்ணீர், பதிவேடு, நோயாளியின் சம்மதத்தோடு ரத்தப் பரிசோதனை எல்லாம் முறைப்படி நடந்தன. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டு, எதிர்ப்பாற்றல் அளவும் பார்த்து வைத்திருந்ததால் பயம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி, முடிவு வரும் வரை இருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

இப்போது நிர்வாகம் எல்லாக் கத்திகளையும் நகரும் உறை உள்ளவையாக மாற்றப்போகிறது. கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. கட்டை விரலால் முன்னே தள்ளினால் முனை மூடிக்கொள்ளும், பின்னே இழுத்தால் திறக்கும். எங்கள் மருத்துவர்களில் இருவர் "வேண்டவே வேண்டாம்" என்கிறார்கள். குத்துப்பட்டவள் நான், ஆனாலும் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது. பயன்படுத்திப் பார்த்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பேகோப்பித்தன்

சிஸ்டர், முதலில் நீங்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. அந்த இருவர் கட்சியில் நானும் ஒருவன் என்பதால் என் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கருவிழி என்று நான் சொல்வது கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் படலத்தை, கார்னியாவை. அதன் நடுப்பகுதி சுமார் 540 மைக்ரான், அதாவது அரை மி.மீ.யைவிடச் சற்றே கூடுதல். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் தடிமன். அந்தத் தடிமனுக்குள்ளேயே கத்தியைப் படுக்க வைத்து, ஏறத்தாழ 2 மி.மீ. நீளத்துக்குச் சுரங்கம் போல் ஓட்டி, பிறகு முனையைச் சாய்த்து உள்ளே இறங்க வேண்டும். சுரங்கம் சரியாக அமைந்தால் கண்ணின் உள்ளழுத்தமே வெட்டின் உள் உதட்டை வெளி உதட்டோடு சேர்த்து மூடிவிடும், தையல் வேண்டாம். சுரங்கம் குட்டையாகிவிட்டால் வெட்டு கசியும். கசிகிற வெட்டு, கண்ணுக்குள் கிருமி புக நாமே திறந்துவைத்த வாசல்.

இந்த வேலையில் நான் நம்புவது இரண்டை: கத்தியின் அகலத்தையும் என் விரலுணர்வையும். ஒருமுறை உறைக்கத்தியைப் பயன்படுத்தினேன். உறை முழுதாகப் பின்னே போய் மாட்டிக்கொள்ளவில்லை. எனக்கு அது தெரியவில்லை. கத்தி உள்ளே போகும்போது உறையின் முன்விளிம்பு கருவிழி ஓரத்தில் முட்டி நின்றுவிட்டது. கத்தியின் தோள்பட்டை, அதாவது மிக அகலமான இடம், உள்ளே போகவே இல்லை. வெளியே 2.8, உள்ளே அதைவிடக் குறைவு. பேகோ முனையை, அதாவது புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சும் கருவியின் முனையை, நுழைத்தபோது இறுக்கமாக இருந்தது. இறுக்கமான வெட்டில் முனையைச் சுற்றிக் குளிர்நீர் ஓட இடம் இருக்காது. அல்ட்ராசவுண்ட் சூட்டில் வெட்டின் விளிம்பு வெந்துபோகலாம். நல்லவேளையாக அன்று வேறொரு கத்தியால் வெட்டை அகலப்படுத்திக்கொண்டேன்.

செவிலியரின் விரலைக் காக்கும் கருவி நோயாளியின் கண்ணுக்குத் தொல்லையானால், எந்தப் பக்கம் நிற்பது? இதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை.

முதலாண்டு மாணவி

டாக்டர், ஒரு சந்தேகம். உறை முழுதாகப் பின்னே போகவில்லை என்பது வெட்டும் முன்பே தெரியாதா? மைக்ராஸ்கோப்பில் எல்லாம் பெரிதாகத்தானே தெரியும்?

பேகோப்பித்தன்

பெரிதாகத் தெரியும் அம்மா, ஆனால் தெரிகிற வட்டம் சின்னது. முனையும் அதைச் சுற்றிக் கண்ணளவு இடமும்தான். கைப்பிடியும் என் விரல்களும் அந்த வட்டத்துக்கு வெளியே. பெரிதாக்க ஆக்க, தெளிவாகத் தெரியும் ஆழமும் சுருங்கும். முதல் மாதத்தில் இதை நீங்களே உணர்வீர்கள்.

பட்டறைக்காரன்

நான் மருத்துவன் இல்லை. நுண்கருவி வடிவமைப்புத்தான் தொழில். உறைக்கத்தி மாதிரிகள் சிலவற்றில் வேலை செய்திருக்கிறேன். டாக்டர் சொன்ன கோளாறு எங்கள் மேசையிலும் வந்தது. அது ஏன் வருகிறது என்று சொன்னால் உங்களில் சிலருக்காவது உதவும்.

சாதாரணத் தோல் அறுவைக்கத்தி நேரானது. அதற்கு உறை செய்வது எளிது: ஒரு குழாயைச் சறுக்கவிட்டால் போதும். கெரடோம் அப்படியில்லை. கைப்பிடி நெற்றி எலும்பிலும் மூக்கிலும் இடிக்காமல் இருக்க, அலகு கைப்பிடியிலிருந்து ஏறத்தாழ 45 டிகிரி வளைந்திருக்கும். வளைவிலிருந்து முனை வரை 8 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். முனை கைப்பிடியின் அச்சிலிருந்து 5.7 மி.மீ. விலகி நிற்கும். நேராகச் சறுக்கும் உறை அந்த விலகலையும் விழுங்கும் அளவுக்கு அகலமாக இருந்தாக வேண்டும். கைப்பிடியே பென்சில் பருமன்தான். உறை அதைவிடப் பருத்துவிடுகிறது. பருத்த உறை முன்னே இருந்தால் பார்வையை மறைக்கிறது, பின்னே இருந்தால் விரல் பிடிக்கும் இடத்தைத் தின்கிறது.

இதற்கு மூன்று வழிகளை முயன்றோம். உறையை வளைவோடு சேர்ந்து வளையும் மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்தோம். அது அலகின் விளிம்பில் உரசியது. கூர்மை போனால் கத்தி எதற்கு? அடுத்து, உறையை நிறுத்திவிட்டு அலகையே கைப்பிடிக்குள் இழுத்தோம். வைரக்கத்திகளில் இது பழைய ஏற்பாடு, வைரத்தின் விளிம்பு எதிலாவது பட்டு உடையாமல் இருக்க. ஆனால் அங்கே அலகு நேராக வெளியே வரும். வளைந்த எஃகு அலகுக்கு அந்தப் பாதை இல்லை. மூன்றாவது, சறுக்காமல் பேனா மூடி போல் பக்கவாட்டில் மடிந்து திறக்கும் கீல் உறை. பார்வைக்கு இதுதான் நன்றாக இருந்தது. கண் இமையை விரித்துப் பிடிக்கும் கம்பியில் போய் மாட்டிக்கொண்டது.

ஆகவே நேர்ச் சறுக்கு உறையையே சீர்செய்துகொண்டிருக்கிறோம். பாதியில் நிற்க முடியாதபடி உள்ளே ஒரு வில் வைத்தால், உறை திறந்த நிலைக்கோ மூடிய நிலைக்கோதான் போகும், நடுவில் தங்காது. போய்ச் சேர்ந்ததும் விரலில் ஒரு 'டக்' தெரிய வேண்டும். காதில் கேட்பது போதாது, அரங்கில் பேகோ இயந்திரமே பாடிக்கொண்டிருக்கும்.

எதிர்க்கட்சி

எல்லாரும் ஒரு பக்கமாகப் பேசுவதால் நான் மறுபக்கம் பேசுகிறேன். ஊசிக்குத்துக் கணக்குகள் எல்லாம் உள்ளே துளையுள்ள ஊசிகளை வைத்துப் பேசப்படுபவை. கெரடோமில் துளை இல்லை. ரத்தத்தைத் தேக்கி வைத்திருக்க இடமில்லை. கருவிழியில் ரத்தக்குழாயும் இல்லை. இருக்கிற ஆபத்து மிகச் சிறியது. அதற்காக வில், கீல், பூட்டு என்று ஒரு எளிய கருவியைக் கெடுப்பானேன்? கைமாற்றும் பழக்கத்தைத் திருத்தினால் போதும்.

தியேட்டர் விளக்கு

தம்பி, நீங்கள் சொல்லும் முதல் பாதி உண்மைதான். வழக்கமாகச் சொல்லப்படும் எண்கள் இவை: நோய் உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்ற 6 முதல் 30 சதவீத வாய்ப்பு, ஹெபடைடிஸ் சி ஏறத்தாழ 1.8, எச்.ஐ.வி. ஏறத்தாழ 0.3. துளையில்லாத கத்தியில் இதைவிடக் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வெட்டு கருவிழியோடு நிற்பதில்லை. பிறை வடிவக் கிரசென்ட் பிளேடால் வெள்ளைவிழியில் சுரங்கம் எடுக்கும்போது ரத்தம் வரும். இன்னொன்றையும் யோசியுங்கள். என் விரலைக் கீறிய கத்தி, நான் கவனிக்காமல் இருந்திருந்தால், வெட்டை அகலப்படுத்த மறுபடியும் அதே கண்ணுக்குள் போயிருக்கும். நோயாளியின் கிருமி எனக்கு வருவதைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். என் தோலின் கிருமி திறந்த கண்ணுக்குள் போவதையும் கணக்கில் சேருங்கள்.

பதிவேட்டை நிரப்பிய இரவில் எனக்கு எந்தச் சதவீதமும் நினைவில் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எதிர்க்கட்சி

அந்த இரண்டாவது கோணம் எனக்குத் தோன்றவில்லை அக்கா. வாபஸ், பாதி மட்டும். பழக்கத்தைத் திருத்துவது பற்றிச் சொன்னதில் நிற்கிறேன்.

ஆவிக்கலன்

கிருமிநீக்கப் பிரிவிலிருந்து ஒரு குரல். எங்களை யாரும் கேட்பதில்லை, கேட்காமலே சொல்கிறேன்.

வில்லும் பூட்டும் உள்ள உறை, ஒருமுறை பயன்படுத்திக் கழிக்கும் கத்தியில் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதையே கழுவித் திரும்பப் பயன்படுத்தும் கைப்பிடியில் வைத்தால் தயவுசெய்து என்னிடம் அனுப்பாதீர்கள். அறுவையில் பயன்படும் விஸ்கோ பசை காய்ந்தால் கண்ணாடி போல் ஒட்டிக்கொள்ளும். சந்துபொந்துகளில் போய்க் காய்ந்தால் எந்தத் தூரிகையும் எட்டாது. ஆட்டோகிளேவின் நீராவிச் சூடு கிருமியைக் கொல்லும், பசையைக் கரைக்காது. செத்த கிருமியின் நச்சுப்பொருளும் அந்தச் சூட்டுக்கு அழிவதில்லை. அடுத்த நோயாளியின் கண்ணுக்குள் அது கரைந்தால், மறுநாளே கருவிழி வெளுத்து வீங்கிப்போகும். டாஸ் என்று சொல்வார்கள். கிருமியே இல்லாமல் வரும் அழற்சி. கழுவப் பயன்படுத்திய என்சைம் திரவம் சரியாக அலசப்படாமல் தங்கினாலும் இதே கதை.

இன்னொரு பழக்கம் பற்றியும் பேச வேண்டும். ஒருமுறைக்கு என்று அச்சிட்டு வரும் எஃகுக் கத்தியை மறுபடியும் ஆட்டோகிளேவில் போடுவது. யார் என்று சொல்ல மாட்டேன். பார்த்திருக்கிறேன், கையெழுத்துப் போட மறுத்தும் இருக்கிறேன். எஃகு விளிம்பு ஒவ்வொரு வெட்டிலும் ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் போகும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. உருப்பெருக்கியில் பார்த்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கும். உறையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, மழுங்கிய கத்தி என்ன செய்யும் என்று டாக்டர்கள் யாராவது சொல்லுங்கள்.

பேகோப்பித்தன்

சொல்கிறேன். கூர்மையான கத்தி கருவிழிக்குள் போவதே தெரியாமல் போகும். மழுங்கியதை அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தினால் கண் உருளும், கருவிழி குழியும். எதிர்ப்பு சட்டென்று விலகும் நொடியில் கத்தி நினைத்ததைவிட ஆழமாகப் பாய்ந்துவிடும். எதிரே கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸும் லென்ஸ் உறையும். கருவிழிக்குப் பின்னால் உள்ள முன்னறையின் ஆழம் மொத்தமே 3 மி.மீ. அளவுதான். பாயாமல் தப்பித்தாலும், கருவிழியின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் டெசிமெட் சவ்வை மழுங்கிய விளிம்பு வெட்டாமல் தள்ளி உரித்துவிடும். அதனால்தான் மாணவர்களிடம் சொல்வேன்: மழுங்கிய கத்தியால் தைரியம் காட்டாதீர்கள், வேறு கத்தி கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட்டால் அதை நோயாளியின் கண்தான் சுமக்கும்.

ஆகவே என் வரிசை இது. கூர்மை முதலில். உறை அதைக் கெடுக்காத வரை வரலாம்.

விழித்திரைவாசி

விழித்திரை அறுவையில் வேறொரு தலைவலி உண்டு. எங்களுக்கு அரங்கு இருட்டாக இருக்க வேண்டும். அந்த இருட்டில் கத்தி கைமாறுகிறது. வெள்ளைவிழியில் முன்பு எம்.வி.ஆர். பிளேடால் 20 காஜ், அதாவது ஏறத்தாழ 0.9 மி.மீ. துளை போட்டோம். காஜ் எண் கூடினால் துளை சிறிது. பிறகு 23, 25, 27 என்று சிறுத்துக்கொண்டே வந்தது. துளை சிறுத்ததோடு சேர்ந்து ஒரு நல்லதும் நடந்தது: குழாயோடு சேர்த்துக் குத்தும் ட்ரோக்கர் வந்தது. ஒருமுறை குத்திக் குழாயை நிறுத்திவிட்டால் கருவிகள் அதன் வழியே போய் வரும். கூர்முனை ஒரு அறுவையில் மூன்று முறை வெளியே வந்து மூன்று முறை திரும்பினால் முடிந்தது. தையல் இல்லாததால் தையல் ஊசியும் மேசையில் இல்லை.

கண்புரையிலும் இதே வரலாறுதானே? தையல் போட்ட காலத்தில் ஒரு கண்ணுக்கு எத்தனை முறை ஊசி கைமாறியது என்று மூத்த சிஸ்டர்களைக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன் 1967இல் பேகோவைக் கொண்டுவந்தது நோயாளியின் வெட்டைச் சிறிதாக்க. 1992இல் ஹோவர்ட் ஃபைன் தையலில்லாத தெள்விழி வெட்டை, அதாவது கருவிழியிலேயே போடும் வெட்டைப் பரப்பியதும் அதற்கே. யாரும் செவிலியர் விரலை நினைத்து அதைச் செய்யவில்லை. ஆனாலும் எந்த உறையையும்விட அது அதிக விரல்களைக் காத்திருக்கும் என்பது என் ஊகம்.

எதிர்க்கட்சி நண்பருக்கு: நாங்கள் கத்தியைக் கைக்குக் கை தருவதை நிறுத்திவிட்டோம். நடுவில் ஒரு சிறிய தட்டு. சிஸ்டர் கத்தியை வைப்பார், "தட்டில்" என்பார், நான் எடுப்பேன். திரும்ப வைத்ததும் நான் "தட்டில்" என்பேன். பிறகுதான் அவர் கை வரும். ஒரே நேரத்தில் இரண்டு கைகள் தட்டில் இருக்கக் கூடாது. ரகசியம் அவ்வளவுதான்.

முதலாண்டு மாணவி

சார், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் தட்டைத் தேடுவது எப்படி?

விழித்திரைவாசி

தேட வேண்டியதில்லை. தட்டு எப்போதும் ஒரே இடத்தில், என் மணிக்கட்டு ஓய்வெடுக்கும் பலகைக்கு ஒரு சாண் தள்ளி. கை தானே பழகிவிடும். தட்டை ஒருவர் ஆர்வமாக நகர்த்தினால்தான் ஆபத்து. கண்புரைக்காரர்கள் சிலர் தலைமாட்டிலும் சிலர் பக்கவாட்டிலும் உட்காருவீர்கள்; இடம் மாறும்போதெல்லாம் தட்டின் இடத்தையும் முதல் நோயாளிக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பேகோப்பித்தன்

இந்தத் தட்டு யோசனைக்கு நான் முன்பு சிரித்தவன். நேரம் போகும் என்று நினைத்தேன். இப்போது ஒத்துக்கொள்கிறேன்: என் கையிலிருந்து முனை முன்னோக்கி இருக்கும்படி கத்தி நீளுவது என் பழக்கக் கோளாறுதான். அதை எந்த உறையும் திருத்தாது.

ஒரு சின்னச் சிக்கலை யாரும் சொல்லவில்லை. சொட்டு மருந்தால் மரத்துப்போன கண்ணோடு நோயாளி விழித்துக்கொண்டிருக்கிறார். துணிக்கு அடியில் எல்லாம் கேட்கிறது. "கத்தி" என்று யாராவது உரக்கச் சொன்னால் அவர் கண் துள்ளும். நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன், அப்போது நல்லவேளை கத்தி கண்ணுக்கு வெளியே இருந்தது. அதிலிருந்து எங்கள் அரங்கில் அந்தச் சொல்லுக்குத் தடை. "இரண்டு எட்டு" என்றால் கெரடோம். "பதினைந்து" என்றால் பக்கத்துளை போடும் 15 டிகிரி பிளேடு. "தட்டில்" என்ற சொல்லில் யாரும் பயப்படப்போவதில்லை, அந்த வகையில் நல்ல சொல்.

பட்டறைக்காரன்

டாக்டரின் "உறை கூர்மையைக் கெடுக்காத வரை" என்ற நிபந்தனையை எங்கள் சுவரில் எழுதி ஒட்டலாம். இரண்டு குறிப்புகள்.

ஒன்று, கத்திக்குக் 'காவல்' என்று சொல்லும்போது இரண்டு பொருள் கலந்துவிடுகிறது. 1970களில் சோவியத் கண் மருத்துவர் ஃபியோதரோவ் பரப்பிய, கிட்டப்பார்வையைச் சரிசெய்யக் கருவிழியில் சக்கர ஆரங்கள் போல் கீறும் ஆரக்கீறல் முறையில் வைரக்கத்திக்கு இருபுறமும் பாதத்தகடுகள் வந்தன. மைக்ரோமீட்டர் திருகால் அலகு எத்தனை மைக்ரான் வெளியே நீள வேண்டும் என்று வைத்துவிட்டால் அதற்கு மேல் இறங்காது. அது நோயாளியின் கண்ணுக்குக் காவல். இப்போது நாம் பேசுவது பணியாளரின் கைக்குக் காவல். முதலாவது வெட்டும்போது வேலை செய்ய வேண்டும். இரண்டாவது வெட்டும்போது இருப்பதே தெரியக் கூடாது. ஒரே உறுப்பை இரண்டுக்கும் பயன்படுத்தப் பார்த்த மாதிரிகள் இரண்டிலும் தோற்றதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு, "சோதித்துவிட்டோம்" என்று விற்பனையாளர் சொன்னால் எத்தனை முறை என்று கேளுங்கள். முப்பது முறை சோதித்து ஒருமுறைகூடப் பூட்டு பிசகவில்லை என்றால் அது பெருமையில்லை. பத்துக்கு ஒன்று பிசகும் உறைகூட அதிர்ஷ்டத்தில் அப்படித் தேறிவிடலாம். எளிய கணக்கு உண்டு: பிழையே இல்லாமல் முடிந்த சோதனைகளின் எண்ணிக்கையால் மூன்றை வகுங்கள். 300 என்றால், பிசகும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 500 என்றால் 0.6. அதுவும் நனைந்த கையுறையோடு, பசை ஒட்டிய விரலோடு செய்த சோதனையாக இருக்க வேண்டும். காய்ந்த கையில் எல்லா உறையும் அழகாகச் சறுக்கும்.

ஆவிக்கலன்

அந்த நனைந்த கையுறைக்காகவே உங்களுக்கு ஒரு வணக்கம்.

எதிர்க்கட்சி

லேசர் இருக்கும்போது கத்தி எதற்கு என்று யாரும் கேட்கவில்லையே?

பேகோப்பித்தன்

கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். ஹங்கேரியக் கண் மருத்துவர் சோல்டான் நாகி 2008இல், மிகக் குறுகிய ஒளித் துடிப்புகளால் வெட்டும் ஃபெம்டோசெகண்ட் லேசரைக் கண்புரை அறுவையில் முதன்முதலில் பயன்படுத்தினார். கருவிழி வெட்டையும் அது போடும். பிறகு அந்த வெட்டைத் திறக்க ஒரு மழுங்கல் கருவி போதும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கருவிழி ஓரத்தில் வெண்மை படர்ந்திருந்தால் ஒளி ஊடுருவாது, வெட்டு முழுமையாக விழாது. உடனே கை எதை நோக்கி நீளும்? கத்தியை. பயன்படுத்தாத நாளிலும் அது தட்டில் இருந்தாக வேண்டும். இயந்திரத்தின் விலையையும் அதற்கு வேண்டிய இடத்தையும் பற்றிப் பேசினால் இழை வேறு பக்கம் போய்விடும்.

தியேட்டர் விளக்கு

ஆறு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 2000இல் வந்த ஊசிக்குத்துத் தடுப்புச் சட்டத்தில் ஒரு விதி உண்டு: பாதுகாப்புக் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அதைக் கையாளும் அடிமட்டப் பணியாளரின் கருத்தைக் கேட்டாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டு நெறியும் பணியாளரோடு கலந்து பேசச் சொல்கிறது. ஊசிக்குத் திரும்ப மூடி போடுவதையும் தடை செய்கிறது. இவற்றைக் காட்டித்தான் நிர்வாகத்திடம் பேசினேன். ஒரேயடியாக மாற்றாமல், இரண்டு வகை உறைக்கத்திகளை மாதிரிக்கு வரவழைத்தார்கள். முதலில் செயற்கைக் கண்ணில் பழகினோம். நனைந்த கையுறையோடுதான், பட்டறைக்காரர் சார்.

முதல் வகை மூன்றாம் நாளே போய்விட்டது. உறை ஒளிபுகும் பிளாஸ்டிக். அதில் நீர்த்துளி தெறித்தால் மைக்ராஸ்கோப் வெளிச்சம் பட்டுக் கண்ணைக் கூசியது. கத்தியின் அலகைக் கூசாதபடி மங்கலாக மெருகிடுகிறார்கள், உறையைப் பளபளவென்று விடுகிறார்கள். என்ன யோசனையோ.

இரண்டாவது பரவாயில்லை. உறை பின்னே போய் மாட்டும்போது கைப்பிடியில் ஒரு பச்சை வளையம் தெரிகிறது, விரலிலும் தெரிகிறது. "பச்சை" என்று சொல்லிவிட்டுத்தான் தட்டில் வைக்கிறேன். அறுவை முடிந்ததும் இன்னும் ஒருபடி தள்ளினால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். கழிவுப் பெட்டிக்கு அப்படியே போகிறது. பட்டியல் முடிந்து மேசையைத் துடைக்கும் நேரம், களைப்பில் எல்லாரும் பேசிக்கொண்டே கை நீட்டும் நேரம். அப்போது அந்தப் பூட்டு எனக்குப் பெரிய நிம்மதி. பெட்டி முக்கால் பங்கு நிரம்பியதும் மாற்றிவிட வேண்டும் என்பதை மட்டும் இன்னமும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

எதிர்த்த இருவரில் ஒருவர் இப்போது இதையே கேட்கிறார். மற்றவர் உறை வேண்டாம், தட்டு மட்டும் போதும் என்கிறார். அவருக்கு உறையில்லாத கத்தியைத் தட்டில் வைக்கிறோம். ஒரே அரங்கில் இரண்டு பழக்கம் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பொதுவில் சொல்லி வைக்கிறேன்.

பக்கத்துளைப் பிளேடுக்கு நல்ல உறை எங்களுக்குக் கிடைக்கவில்லை. அது மெலிந்தது, உறையோ அதைவிடக் கனம். கைப்பிடி முன்பாரமாகத் தொங்குகிறது என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். அதைத் தட்டோடும் சொல்லோடும் மட்டும்தான் கையாள்கிறோம். கீறல் பதிவேட்டில் இந்த ஆறு வாரத்தில் ஒன்றும் இல்லை. ஆறு வாரத்தை வைத்து நான் எதையும் சொல்லப்போவதில்லை.

முதலாண்டு மாணவி

அக்கா, நானும் இதே போன்ற கத்தியைப் பயிற்சியில் பிடித்துப் பார்த்தேன். ஒரு சிக்கல். நான் இடக்கைக்காரி. சறுக்கும் பொத்தான் என் உள்ளங்கைப் பக்கம் வருகிறது. கட்டை விரல் எட்டவில்லை. வலது கையால் தள்ளிவிட்டுத்தான் பிடிக்கிறேன். அப்படித் தள்ளும்போது வலது கை முனைக்கு முன்னால் இருக்கிறது.

தியேட்டர் விளக்கு

அப்படிச் செய்யாதே அம்மா. உறையில்லாததைத் தட்டிலிருந்து எடு. பட்டறைக்காரர் சார், இதைப் பார்த்தீர்களா?

பட்டறைக்காரன்

பார்த்தேன். எங்கள் சோதனையில் நனைந்த கையுறை இருந்தது, பசை இருந்தது, இருட்டும் இருந்தது. இடக்கைக்காரர் ஒருவர்கூட இல்லை. பொத்தானை மேற்புறம் நடுவில் கொண்டுவந்தால் அலகின் வளைவோடு மோதும்; இருபுறமும் வைத்தால் தவறுதலாகத் தட்டுப்படும். நாளைக் காலை மாதிரியை இடது கையில் பிடித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். தங்கச்சி, உங்கள் கட்டை விரல் எங்கே நிற்கிறது என்று ஒரு படம் வரைந்து போட முடியுமா?